புள்ளலூர் 1780: ஒரே மேசையில் இரண்டு படை

மினியேச்சர் போர் விளையாட்டில் புதிதாகப் படை கட்டப் போகிறேன் என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, "எதிரே யார் நிற்பார்?" என்பதைத்தான். எந்தக் காலம், எந்த நாடு, எந்தக் கம்பெனி பொம்மை என்பதெல்லாம் அப்புறம். இங்கிலாந்தில் இருப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. அங்கே ஊருக்கு ஒரு கிளப் இருக்கிறது. நீங்கள் நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் படையைக் கட்டிக்கொண்டு போனால், பிரெஞ்சுப் படையோடு ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பார். சென்னையில் வார்ஹாமர் என்ற கற்பனைப் படை விளையாட்டை ஆடுகிறவர்கள் கிடைப்பார்கள். வரலாற்றுப் படையை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் அபூர்வம். ஆகவே இங்கே படை கட்டுகிறவர் இரண்டு பக்கத்தையும் தானே கட்டவேண்டும். இதை முதல் நாளே ஏற்றுக்கொண்டால், எந்தச் சண்டை, எந்த அளவு, எத்தனை உருவம், எவ்வளவு செலவு என்ற கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாக வந்துவிடும்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாக: உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ ரெசினிலோ வார்த்த சிறு சிறு வீரர்களுக்கு வண்ணம் தீட்டி, கூட்டம் கூட்டமாகச் சின்னப் பலகைகளில் ஒட்டி, ஒரு மேசை மேல் நிறுத்தி, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடுவது. 1824-இல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளைப் பழக்க ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி வகுத்த வரைபட விளையாட்டை எடுத்துக்கொண்டது. அதன் சந்ததிதான் இது என்று சொல்லலாம். சதுரங்கத்தில் காய் சொன்ன பேச்சைக் கேட்கும். இதில் கேட்காது. அதுதான் எனக்குப் பிடித்தது.

எந்தச் சண்டை என்பதற்கு வருகிறேன். வாட்டர்லூ எடுத்தால் பொம்மைக்குப் பஞ்சமில்லை, சீருடைப் புத்தகத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்த மண்ணை நான் பார்த்ததில்லை. புள்ளலூர் காஞ்சிபுரத்துக்கு வடக்கே, காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் பொள்ளிலூர் என்று எழுதி வைத்தது இந்த ஊரைத்தான். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் புள்ளலூரில் எதிரிகளை அழித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அதே ஊரில் 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு படையை ஏறக்குறைய முழுதாக விழுங்கினார்கள்.

கதை தெரியாதவர்களுக்கு: அந்த ஜூலையில் ஹைதர் கணவாய் இறங்கிக் கர்நாடகச் சீமைக்குள், அதாவது ஆற்காட்டு நவாபின் தமிழ்ப் பகுதிக்குள், வந்தார். சென்னையிலிருந்து கம்பெனித் தளபதி சர் ஹெக்டர் மன்றோ பெரும்படையோடு காஞ்சிபுரம் வந்து உட்கார்ந்தார். குண்டூர்ப் பக்கமிருந்து கர்னல் வில்லியம் பெய்லி ஏறக்குறைய 2,800 பேரோடு அவரைச் சேர வந்துகொண்டிருந்தார். கொற்றலை ஆற்றின் வடகரையில் பெய்லி பாளையம் இறங்கிய இரவே ஆறு பெருக்கெடுத்தது. செப்டம்பர் 3-ஆம் தேதிதான் தாண்ட முடிந்தது. 6-ஆம் தேதி பேரம்பாக்கத்தில் திப்பு வந்து மோதினார். மன்றோ தான் போகாமல், பிளெட்சர் தலைமையில் சுமார் 1,000 பேரை அனுப்பினார். அவர்கள் வந்து சேர்ந்தபின் பெய்லி மேலே நகர்ந்தார். புள்ளலூரில் விடியும்போது சுற்றிலும் மைசூர்ப் பீரங்கிகள். வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. சதுரமாக நின்று பல முறை குதிரைப்படையைத் தடுத்தவர்கள் கடைசியில் சரணடைந்தார்கள். பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார். அன்று பிடிபட்ட இளம் கேப்டன் டேவிட் பெய்ர்டு, 1799-இல் அதே கோட்டைமேல் ஏறிய படையை நடத்தினார். மன்றோ என்ன செய்தார்? கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். சண்டை நடந்தபோது மன்றோவின் படை ஒரு சில கல் தொலைவில்தான் இருந்தது. மேசை விளையாட்டுக்கு இதைவிட நல்ல கரு வேண்டுமா?

சிக்கல் எண்ணிக்கையில். ஹைதர் கொண்டுவந்தது 80,000 பேருக்கு மேல் என்பார்கள். எதிரே 3,800. இருபது பெண்கள் இருக்கும் கல்யாண வீட்டில் ஒரே ஒரு கண்ணாடி என்பது போன்ற விகிதம் இது. எல்லோரும் ஒரே சமயத்தில் அதன்முன் நிற்க முடியாது. போர்க்களத்திலும் அப்படித்தான். பெய்லியின் அணியைச் சுற்றி ஒரு நேரத்தில் எத்தனை பேர் நெருங்க முடியும் என்பதே கணக்கு. மீதி ஆட்கள் பின்னால் காத்திருந்தார்கள், அல்லது மன்றோவைக் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் நான் புள்ளலூரிலேயே தொடங்கவில்லை. நாலு நாள் முந்தைய பேரம்பாக்கத்தை எடுத்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். பெரிய சண்டைக்கு முன்னாலோ பின்னாலோ அதே ஆட்கள் மோதிய ஒரு சின்னக் கைகலப்பு நிச்சயம் இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். அதற்குக் கட்டும் ஒவ்வோர் உருவமும் பின்னால் பெரிய சண்டைக்கும் உதவும். அதற்குள் ஆட ஆரம்பித்தும் விடலாம். முழுப் படையும் முடிந்தபின்தான் ஆடுவேன் என்று உட்கார்ந்தவர்களின் பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் அப்படியே இருக்கும். ஆர்வம் மட்டும் போயிருக்கும்.

என் பட்டியல் இப்படி அமைந்தது. கம்பெனிப் பக்கம் சிப்பாய்ப் பட்டாளம் மூன்று, தலைக்கு 24 உருவம். ஐரோப்பியர் ஒரு சிறு பிரிவு, 12 உருவம். ஆக 84; பெய்லியின் 2,800 பேரைக் கணக்கிட்டால் ஓர் உருவம் என்பது ஏறக்குறைய 33 பேர். இரண்டு பீரங்கி, அவற்றுக்கு ஆட்கள், இரண்டு வெடிமருந்து வண்டி, குதிரைமேல் பெய்லி. மைசூர்ப் பக்கம் காலாட்பட்டாளம் இரண்டு, குதிரைப்படைப் பிரிவு நான்கு (தலைக்கு 9), ராக்கெட் ஆட்கள் இரண்டு குழு, மூன்று பீரங்கி, திப்பு. எல்லாம் சேர்த்து 200 உருவத்தை ஒட்டி வரும். பிளெட்சரின் 1,000 பேருக்கு அப்புறம் ஒரு 30 உருவம் சேர்த்தால் புள்ளலூரின் கம்பெனிப் பக்கம் தயார். இதே விகிதத்தில் ஹைதர் படை முழுதையும் கட்டினால் 2,400 உருவம் வேண்டும். அதைக் கட்டுகிறவருக்கு என் வணக்கம்.

மைசூர்ப் பக்கத்தின் பெருந்திரளைக் காட்ட ஒரு பழைய உபாயம் இருக்கிறது. அடிபட்டு மேசையை விட்டு ஓடிய குதிரைப்படைப் பிரிவு, இரண்டு சுற்று கழித்து மேசையின் இன்னொரு ஓரத்தில் புதுப்பிரிவாக வந்து நிற்கும். நாலு பிரிவு பன்னிரண்டாகத் தெரியும். கம்பெனிப் பக்கம் ஆடுகிறவருக்கு வயிற்றைக் கலக்கும். அன்று அவர்களுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்.

அடுத்தது அளவு. 28 மில்லிமீட்டர் உயர உருவம்தான் கண்ணுக்கு அழகு, பொத்தான்கூடத் தெரியும். ஆனால் 200 உருவத்தை அந்த அளவில் எடுத்தால் பணமும் அலமாரியும் போதாது, சாப்பாட்டு மேசையும் போதாது. 6 மில்லிமீட்டர் எதிர்த்துருவம். ஷெஃபீல்டில் பக்கஸ் என்ற கம்பெனி அந்த அளவுக்குப் பேர்போனது. கூட்டமாகப் பார்த்தால் நிஜப் போர்க்களம் போலவே இருக்கும். என் கண்ணுக்கு வயதாகிவிட்டது. நடுவில் 15 மில்லிமீட்டர். ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அளவு. நான்கு அடிக்கு நான்கு அடி இடம் இருந்தால் ஆடிவிடலாம். இரண்டு பக்கத்தையும் ஒருவரே கட்டும் ஊருக்கு இதுதான் சரி என்பது என் கட்சி.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது பற்றி ஒன்று சொல்லவேண்டும். பொம்மைகளுக்கான இறக்குமதிச் சுங்கத்தை மத்திய அரசு 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-ஆகவும், 2023-இல் 70-ஆகவும் ஏற்றியது. பார்சலில் இருப்பது பொம்மையா, மாதிரியா, கலைப்பொருளா என்று அதிகாரி எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். அஞ்சல் செலவு வேறு. எனவே வெளியிலிருந்து வாங்குவதாக இருந்தால், இங்கே கிடைக்கவே கிடைக்காததை மட்டும், ஒரே ஆர்டராக. மீதியைக் கணினிக் கோப்பாக விலைகொடுத்து வாங்கி, உள்ளூரில் ரெசினில் முப்பரிமாண உருவம் அச்சடிக்கும் பிரிண்டர் வைத்திருப்பவரிடம் அச்சடித்துக்கொள்வதுதான் கட்டுப்படியாகிறது. ஆனால் வாங்கும்போதே அந்தக் கோப்பின் உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று படித்துவிடுங்கள். சில சிற்பிகள் சொந்த உபயோகத்துக்கு அடுத்தவரிடம் அச்சடிக்க விடுவார்கள், சிலர் விடமாட்டார்கள்.

அச்சடித்துக் கொடுத்த தம்பி நல்ல தொழில் தெரிந்தவர். 28-க்குச் செதுக்கிய உருவத்தை 15-க்கு இறக்கவேண்டுமென்றால் 54 சதவீதம் என்று போடவேண்டும். சோதனைக்கு ஒரு வரிசை அடித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அண்ணா, பேயனெட் நிக்கலண்ணா. சப்போர்ட்டைக் கழட்டும்போதே ஒடிஞ்சு வந்துடுது."

"கொஞ்சம் தடிப்பாக்க முடியுமா தம்பி?"

"ஃபைல்ல துப்பாக்கிய மட்டும் பெருசாக்கிக் குடுங்கண்ணா, அடிச்சுத் தர்றேன். பாக்க குச்சி மாதிரிதான் இருக்கும், ஒடியாது."

அவர் சொன்னதுதான் சரி. மூன்றடி தள்ளி நின்று பார்க்கையில் அந்தத் தடித்த துப்பாக்கி உறுத்தவில்லை. மேசை விளையாட்டு உருவங்களை எல்லோரும் மூன்றடி தள்ளி நின்றுதான் பார்க்கிறார்கள். போட்டோவில் பெரிதாக்கிப் பார்ப்பவர்களைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். வீட்டிலேயே பிரிண்டர் வைத்துக்கொள்வதாக இருந்தால் கையுறை இல்லாமல் ரெசினைத் தொடாதீர்கள், கழுவிய ஆல்கஹாலைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். நம்மூர் வெயிலே ரெசினை இறுக்கிவிடும். ஆனால் மொட்டைமாடியில் வைத்து மறந்துவிட்டால் அப்பளமாக நொறுங்கும்.

இனி, என்ன நிறம் பூசுவது? இதில்தான் என் நேரம் அதிகம் போனது. போனதில் வருத்தமும் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு 1784-இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவர் முழுக்கப் புள்ளலூர்ப் போர்தான். நடுவில் பல்லக்கில் பெய்லி, சுற்றிலும் சிவப்புச் சட்டைச் சதுரம், வெடிக்கும் வண்டி, யானைமேல் ஹைதர். முதல் தடவை பார்ப்பவருக்கு, சீருடைப் பிரச்சினை தீர்ந்தது, இதைப் பார்த்துத் தீட்டிவிடலாம் என்றுதான் தோன்றும். கொஞ்சம் பொறுக்கவேண்டும். அந்த ஓவியத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. 1799-க்குப் பிறகு அங்கே தங்கிய ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி காலத்தில் புதுப்பித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி உத்தரவில் இன்னொரு முறை தீட்டினார்கள். இன்று நாம் பார்க்கும் நிறம் 1784-இன் நிறம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆட்கள் நின்ற விதத்துக்கும், யார் குதிரைவீரர், யார் காலாள் என்பதற்கும் அந்தச் சுவரை நம்பினேன். நிறத்துக்கு அதை ஒரு சாட்சியாக மட்டும் வைத்துக்கொண்டேன்.

திப்புவின் படை என்றதும் எல்லோருக்கும் நினைவில் வருவது ஊதா நிறத் துணியில் வெள்ளைப் புலிவரி. அது திப்பு ஆண்ட காலத்துச் சீருடை. 1780-இல் ஆண்டவர் ஹைதர்; திப்பு பட்டத்துக்கு வந்தது 1782-இன் இறுதியில். கறாராகப் பார்த்தால் என் மேசையில் புலிவரி வரக்கூடாது. ஆனால் அதே படையை 1792, 1799 சண்டைகளுக்கும் எடுக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. எனவே ஒரு பட்டாளத்துக்குப் புலிவரி, இன்னொன்றுக்கு வெள்ளை அங்கி, கலப்பு நிறத் தலைப்பாகை, இடுப்புத் துணி. புலிவரிக்காரர்களைத் திப்புவின் சொந்த ஆட்கள் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். வரலாற்று வாத்தியார் யாராவது வந்தால் அந்தப் பட்டாளம் பெட்டியில் இருக்கும்.

கம்பெனிச் சிப்பாய் எளிது. சிவப்புச் சட்டை, தொடை வரை வெள்ளைக் கால்சட்டை, அதற்குக் கீழே வெறுங்கால், மார்பில் குறுக்கே வெள்ளை வார். 15 மில்லிமீட்டரில் அந்த வெள்ளை வாரைச் சுத்தமாகப் போட்டால் பாதிப் பட்டாளம் முடிந்த மாதிரி. ஸ்காட்லாந்துக்காரர்களின் 73-ஆம் ஹைலாண்டர் படை 1780 ஜனவரியில்தான் சென்னை வந்து இறங்கியது. பிளெட்சரோடு வந்தவர்களில் அதன் இரண்டு சிறு பிரிவு ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் வெளிர்மஞ்சள் கலந்த, பதனிட்ட தோலின் நிறம்.

ஆட்களின் மேனி நிறத்தைப் பற்றியே தனியாகச் சொல்லவேண்டும். இணையத்தில் கிடைக்கும் வண்ணம் தீட்டும் பாடங்கள் எல்லாம் வெள்ளைக்காரத் தோலுக்கு எழுதப்பட்டவை. இந்தியச் சிப்பாய் என்று வரும்போது, அதே வெளிர்நிறத்தில் கொஞ்சம் பழுப்பைக் கலந்துவிடச் சொல்வார்கள். அப்படித் தீட்டினால் நோய்க்குப் பிறகு எழுந்துவந்தவர்கள் மாதிரி இருக்கும். நான் கண்டுகொண்ட வழி: அடியில் பர்ன்ட் அம்பர், அதன்மேல் பர்ன்ட் சியன்னா, மூக்கு, கன்னம், முழங்கால் முனைகளில் மட்டும் சியன்னாவோடு கொஞ்சம் யெல்லோ ஓக்கர். வெள்ளை கலக்கவே கூடாது. கலந்தால் தோல் சாம்பலடிக்கும். ஒரே பட்டாளத்தில் மூன்று வகைக் கருமை வைத்தேன். சென்னை ராணுவத்தில் தெலுங்கரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்துதான் இருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேரைப் பார்த்தாலே எந்த வரிசையில் எந்த நிறம் என்று தெரிந்துவிடும்.

வண்ணத்துக்கு வெளிநாட்டுக் குப்பிகளே வேண்டும் என்பதில்லை. கேம்லின் அக்ரிலிக்கில் நிறப்பொடி கொஞ்சம் பெரிதாக இருக்கும். தரைக்கும் பேஸுக்கும் (உருவங்களை ஒட்டும் பலகை) தாராளமாகப் போதும், தோலுக்கும் நீர்க்கக் கலந்தால் போதும். சிவப்பும் வெள்ளையும் மட்டும் வயெஹோ போன்ற மாடல் வண்ணமாக வாங்கினேன்; அந்த இரண்டிலும் மலிவுச் சரக்கு நாலு பூச்சு கேட்கும். சென்னைக் கோடையில் தட்டில் வைத்த வண்ணம் நிமிடத்தில் காய்ந்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன்மேல் பேக்கிங்குக்கு விற்கும் தாள். வண்ணத்தை அதன்மேல் வைத்துக்கொண்டால் மறுநாள்கூட ஈரமாக இருக்கும். மழைக்காலத்தில் பிரச்சினை தலைகீழ். ஸ்பிரே பிரைமரும் ஸ்பிரே வார்னிஷும் காற்றின் ஈரத்தில் வெள்ளை பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டையும் தூரிகையால் பூசுவதே உத்தமம்.

குச்சி ஐஸ் குச்சியில் ஆறு ஆறு பேராக ஒட்டி, ஒரு நேரத்தில் ஒரே நிறம் என்று போனால் வேகமாக நகரும். ஒரு ஆளை முழுதாக முடித்துவிட்டு அடுத்த ஆளை எடுப்பவர், 24-ஆவது ஆளுக்கு வருவதற்குள் வேறு பொழுதுபோக்குக்குப் போயிருப்பார். இன்னொன்று: இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றித் தீட்டவேண்டும். ஒரு சிப்பாய்ப் பட்டாளம், அப்புறம் ஒரு மைசூர்க் குதிரைப்பிரிவு. கம்பெனிப் படையை மட்டும் முழுசாக முடித்து வைத்தால் அது யாரோடு சண்டை போடும்? மாற்றித் தீட்டினால் கைக்கும் சிவப்புச் சலிப்பு வராது. திப்புவையும் பெய்லியையும் கடைசிக்கு வைத்திருந்தேன். நல்ல பண்டத்தை முதலில் தின்றுவிட்டால் மீதியைத் தின்ன யார் இருக்கிறார்கள்?

கடைகளில் கிடைக்காத ஒன்று, நம்மூர் மாடு. அன்று இரண்டு பக்கமும் பீரங்கியை இழுத்தது பெரும்பாலும் மாடுகள்தான். மைசூரின் அம்ருத் மகால் மாடுகள் ராணுவத்துக்கென்றே வளர்க்கப்பட்ட இனம். ஹைதர் படையின் வேகத்துக்கு அவற்றுக்கும் பங்குண்டு. வெளிநாட்டு மினியேச்சரில் வரும் எருதுக்குத் திமில் இருக்காது, கொம்பும் வேறு மாதிரி. எம்-சீல் வாங்கி, கடுகளவு எடுத்து முதுகில் வைத்துத் திமில் உருட்டினேன். கம்பியை வளைத்துக் கொம்பு. அம்ருத் மகால் கொம்பு பின்னோக்கி நீண்டு, முனையில் ஒன்றையொன்று நெருங்கும். அதைச் சரியாகக் கொண்டுவந்துவிட்டால் பார்த்தவுடன் ஊர் தெரிந்துவிடும்.

இந்த மாடுகள் காய்ந்துகொண்டிருந்தது நவராத்திரி சமயம். சுண்டலுக்கு வந்த பெரியம்மா மேசையைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இந்த வருஷம் பட்டாளம் செட்டா? மரப்பாச்சிய எங்க வச்சே?" என்றார். விளக்கிச் சொன்னேன். "வெள்ளைக்காரன் தோத்த சண்டையா? அப்ப மேல் படியில வை" என்று முடித்துவிட்டார்.

பேஸுக்கு 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையை லேசரில் வெட்டிக்கொடுப்பவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காலாட்களுக்கு 40-க்கு 30 மில்லிமீட்டர், அதில் ஆறு பேர் இரண்டு வரிசையாக. நாலு பேஸ் ஒரு பட்டாளம். குதிரைக்கு 40-க்கு 40, அதில் மூன்று. விதிப்புத்தகம் எது என்று முடிவுசெய்யாமல் பேஸ் வெட்டக் கொடுக்காதீர்கள் என்று பலரும் எச்சரிப்பார்கள். இரண்டு படையும் உங்களுடையது என்றால் அந்தக் கவலை குறைவு. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் எந்த விதியும் ஒத்துவரும். பேஸின் அடியில் காந்தத் தாள் ஒட்டிவிட்டு, தகர பிஸ்கட் டின்னில் வைத்தால் ஆட்டோவில் கொண்டுபோனாலும் ஆடாது.

தரையின் நிறத்துக்குப் புள்ளலூரில் எடுத்த போட்டோக்களை வைத்துக்கொண்டேன். மேசைமேல் மரம் என்று கடையில் விற்பது ஐரோப்பிய ஓக், அல்லது கடற்கரை ரிசார்ட்டில் நிற்கிற தென்னை. பனை கிடைக்கவே கிடைக்காது. ஊதுபத்திக் குச்சிகளை நாலைந்து சேர்த்துக் கட்டி, பசை தடவிக் கருக்கினால் அடிமரம். தடித்த தாளில் விசிறி விசிறியாக வெட்டி, நடுவில் மடித்து, உருண்டையாகச் செருகினால் தலை. நிஜ அளவுக்கு 20 சென்டிமீட்டர் உயரம்கூட வரலாம். கை பட்டுப் பட்டு விழும் என்பதால் 12-இல் நிறுத்திவிட்டேன். பச்சைத் துணியின் கீழே புத்தகங்களை வைத்தால் ஏரிக்கரை. அந்த ஏரிக்கரையும் தோப்பும் இருந்தால்தான் மைசூர்ப் பீரங்கிகளை எங்கே ஒளித்துவைப்பது என்ற கேள்வியே உயிர்பெறும்.

கொடிகளைச் சாதாரணத் தாளில் அச்சடித்து, ஃபெவிகாலில் நீர் கலந்து தடவி, ஈரத்திலேயே அலையாக மடிக்கவேண்டும். வெட்டிய வெள்ளை ஓரத்துக்கு வண்ணம் பூசாவிட்டால் எல்லா உழைப்பும் வீண். கம்பெனிக் கொடியின் மூலையில் வரும் யூனியன் சின்னத்தில் கவனம் வேண்டும்: இன்றைய பிரிட்டிஷ் கொடியில் குறுக்காகப் போகும் சிவப்புக் கோடு 1801-இல் அயர்லாந்துக்காகச் சேர்த்தது. 1780-இல் அது கிடையாது. இணையத்தில் தேடி முதலில் வரும் படத்தை இறக்கினால் 1780-ஐத் தாண்டி இருபது வருடம் போய்விடுவீர்கள்.

ஆடுவதற்கு நான் எடுத்தது பிளாக் பவுடர் விதிகள், 2009-இல் வந்தவை. ஆணையை வாய்விட்டுச் சொல்லி, இரண்டு பகடை உருட்டவேண்டும். தளபதியின் திறமை எண்ணுக்குள் விழுந்தால்தான் படை நகரும். திப்புவுக்கு 9, பெய்லிக்கு 7, மன்றோவுக்கு 5 கொடுத்தேன். மன்றோவின் ரசிகர்கள் மன்னிக்கவும். தனியாக ஆடும்போது கம்பெனிப் பக்கத்துக்கு ஒரே கட்டளை: சாலையை விட்டு விலகாமல் காஞ்சிபுரம் நோக்கிப் போ. மூன்று குதிரைப்பிரிவு நெருங்கினால் நின்று சதுரம் கட்டு. சதுரம் கட்டினால் பீரங்கிக்கு நல்ல இலக்கு, கட்டாவிட்டால் குதிரைக்கு இரை. பெய்லி மாட்டிக்கொண்டதே இந்த இடுக்கில்தான். நான் மைசூர்ப் பக்கம் ஆடும்போதுகூட, இந்த இடத்தில் அவருக்காக யோசித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மன்றோ வருவாரா என்பதற்கு ஆறாவது சுற்றிலிருந்து ஒவ்வொரு முறையும் இரண்டு பகடை. பன்னிரண்டு விழுந்தால் வருவார். வெடிமருந்து வண்டி ராக்கெட் பட்டு வெடித்தது என்கிறார்கள், பீரங்கிக் குண்டு என்பவர்களும் உண்டு. எந்த அடியானாலும் வண்டிக்குப் பக்கத்தில் விழுந்தால் தனியாக ஒரு பகடை உருட்டுகிறேன். வெடித்தால் அந்தப் பக்கத்துப் பட்டாளங்களுக்கு அதன்பின் சுடும் பகடை பாதி. ராக்கெட்டுக்குத் திசைப் பகடை ஒன்றும் வேண்டும். சில சமயம் விட்டவர் பக்கமே திரும்பும். இரும்புக் குழலில் மருந்தடைத்து மூங்கிலில் கட்டிய அந்த ராக்கெட்டுகள் கர்நாடகத்து ஷிவமொக்கா மாவட்டத்தில், நகரா என்ற ஊரின் பாழுங்கிணற்றில் 2018-இல் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. அவற்றின் படத்தைப் பார்த்த பிறகுதான் என் உருவங்களின் கையில் இருந்த தீபாவளி ராக்கெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, தடித்த கம்பித்துண்டு வைத்தேன்.

வண்ணம் முடியாத உருவங்களோடும் ஆடலாம். பிரைமர் அடித்த கறுப்பு ஆட்களை மைசூர் இரண்டாம் வரிசையில் நிறுத்தினால் யார் கேட்கப் போகிறார்கள்? கிளப்பில் அப்படிச் செய்தால் முகம் சுளிப்பார்கள். இங்கே கிளப்பே நாம்தான். ஆடிப் பார்த்ததில் தெரிந்தது, எனக்கு இன்னொரு காலாட்பட்டாளம் வேண்டியதில்லை, பீரங்கிதான் போதவில்லை என்று. பட்டியலை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் இது தெரிந்திருக்காது.

இந்த இரண்டு படையும் ஒரு சண்டையோடு முடிவதில்லை. 1781-இல் கம்பெனித் தளபதி சர் அயர் கூட் ஹைதரோடு மோதிய மூன்று சண்டைகளும் இதே ஆட்களைக் கொண்டு ஆடக்கூடியவை: ஜூலை 1-இல் பரங்கிப்பேட்டை, ஆகஸ்ட் 27-இல் மறுபடியும் புள்ளலூரை ஒட்டி, செப்டம்பர் 27-இல் சோளிங்கர். கம்பெனிப் பக்கம் இன்னும் இரண்டு சிப்பாய்ப் பட்டாளமும் கொஞ்சம் குதிரையும் சேர்த்தால் போதும். பரங்கிப்பேட்டைக்குக் கடலோர மணல்மேடு வேண்டும், கடலிலிருந்து சுட ஒரு சின்னக் கப்பலும். கப்பலுக்குக் கோப்பு தேடிக்கொண்டிருக்கிறேன். அச்சகத் தம்பி, பாய்மரக் கயிறெல்லாம் ரெசினில் நிற்காதுண்ணா, நூல்தான் கட்டணும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.